ஜன்னல் தமிழ் இல்லைன்னா, அதுக்கு முன்னாடி என்ன சொன்னோம்?

#1 தச்சன்மகள்

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு நாளா மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு, அதான் இங்க கேக்கலாம்னு வந்தேன்.

என் பையன் ஏழாவது படிக்கிறான். ‘எங்கள் வீடு’ன்னு கட்டுரை. "எங்கள் வீட்டு ஜன்னலை என் தாத்தா செய்தார். அதன் திண்டில் உட்கார்ந்துதான் நான் படிப்பேன்" என்று எழுதியிருந்தான். நோட்டு திரும்பி வந்தப்ப ஜன்னலைச் சுத்திச் சிவப்பு வட்டம். பக்கத்துல ‘சாளரம் என எழுதுக, பிறமொழிச் சொல் தவிர்க்க’ என்று குறிப்பு. மார்க் குறைஞ்சதுக்கு அவன் வருத்தப்படல. "அம்மா, அப்போ தாத்தா செஞ்சது ஜன்னல் இல்லையா?"ன்னு கேட்டான். எனக்குப் பதில் சொல்ல வரல.

எங்க அப்பா கும்பகோணம் பக்கத்துல ஐம்பது வருஷம் தச்சு வேலை பார்த்தவர். நிலை, வாசக்கால், கீல், கொண்டி, தாழ்ப்பாள்னு அவர் வாயில வர்ற சொல்லெல்லாம் எனக்குத் தெரியும். ‘ரெண்டு கதவு ஜன்னல்’, ‘நாலு கதவு ஜன்னல்’ என்றுதான் ஆர்டர் எடுப்பார். சாளரம்னு அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை.

ஜன்னல் எங்கேருந்து வந்துச்சு? சாளரம் மட்டும் சுத்தத் தமிழா? இந்த ரெண்டும் இல்லாத காலத்துல நம்ம ஆளுங்க அதை என்னன்னு கூப்பிட்டாங்க? தெரிஞ்சவங்க சொல்லுங்க. பையனுக்குச் சரியான பதிலா சொல்லணும்.

#2 ஏட்டுச்சுவடி

அம்மா, முப்பத்திரண்டு ஆண்டு தமிழ் வகுப்பெடுத்து ஓய்வு பெற்றவன் நான். சிவப்பு வட்டம் போடுகிற வேலையை நானும் செய்திருக்கிறேன். அதனால் பொறுப்போடு எழுதுகிறேன்.

ஜன்னல் போர்த்துகீசியச் சொல். அவர்கள் மொழியில் ‘ஜனெலா’. 1498இல் கோழிக்கோட்டுக்கு வந்தார்கள். 1530-களிலேயே முத்துக்குளித்துறையில் வேரூன்றிவிட்டார்கள். 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற கிறித்தவ நூல் தமிழ் எழுத்தில் அச்சேறிவிட்டது. இவ்வளவு நெருங்கிப் பழகியவர்களின் சொல் நம் வீட்டுக்குள் வராமல் இருக்குமா? வந்தது ஜன்னல் மட்டுமில்லை. சாவி, அலமாரி, மேசை, மேஸ்திரி எல்லாமே அவர்கள் வழியாக வந்தவை. ஜன்னலுக்குப் போடுகிற கிராதிகூட. உங்கள் அப்பாவின் பட்டறையில் பாதிச் சொல் அந்தக் கப்பலில் வந்தது என்றே சொல்லலாம்.

‘ஜனெலா’ எங்கிருந்து வந்தது என்பது இன்னும் சுவை. லத்தீனில் ‘யானுவா’ என்றால் கதவு. அதன் சிறுமை வடிவம்தான் ஜனெலா. அதாவது குட்டிக் கதவு. வாசலுக்கு உரிய ரோமானியத் தெய்வம் யானுஸ். அவர் பெயரில்தான் ஜனவரி மாதம். ஆக ஜன்னலும் ஜனவரியும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். இதை உங்கள் மகனிடம் சொல்லுங்கள், மறக்கவே மாட்டான்.

சாளரத்துக்கு வருகிறேன். சாலகம், சாலேகம் என்ற பழைய வடிவங்கள் ‘ஜாலகம்’ என்ற வடசொல்லின் தமிழாக்கம். ஜாலம் என்றால் வலை. வலை போலத் துளையிட்ட பலகை அல்லது கல். சாளரத்தையும் இதனோடு சேர்த்துப் பார்ப்பவர்கள் உண்டு. தமிழ் வேர் காட்டுபவர்களும் உண்டு. எப்படியானாலும் ஜன்னலை அடித்துவிட்டுச் சாளரத்தை எழுதினால் தூய தமிழ் ஆகிவிடும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது.

மூன்றாவது கேள்விதான் பெரியது. அதற்கு இரவு வந்து எழுதுகிறேன். புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு எழுத வேண்டிய விஷயம்.

#3 பனித்துளி

அக்கா, நான் யாழ்ப்பாணத்து ஆள், இப்ப நோர்வேயின்ர மேற்குக் கரையில இருக்கிறன்.

எங்கட வீட்டில அது ‘யன்னல்’. ஜகரம் எங்கட வாயில யகரமாப் போட்டுது. போர்த்துக்கேயர் 1619 தொடக்கம் 1658 வரைக்கும் யாழ்ப்பாணத்தை ஆண்டவை. அதால எங்களிட்ட அவையின்ர சொல்லு உங்களை விடக் கூட. கதிரை (நாற்காலி), வாங்கு (பெஞ்சு), அலுமாரி, சப்பாத்து (ஷூ), குசினி (அடுப்படி), பாண் (ரொட்டி), லேஞ்சி (கைக்குட்டை) எல்லாம் அதுதான்.

ஆனா ஒண்டைப் பாருங்கோ. நீங்கள் சொல்லுற ‘சாவி’ எங்களிட்ட இல்லை. எங்களுக்கு அது ‘திறப்பு’. "திறப்பை எங்க வைச்சனீ?" எண்டுதான் அம்மா கேப்பா. அவையின்ர ஆட்சிக்குக் கீழ இருந்த நாங்கள் திறப்பை வைச்சிருக்கிறம், இல்லாத நீங்கள் அவையின்ர சாவியை வைச்சிருக்கிறியள். எந்தச் சொல்லு வரும், எது வராது எண்டு ஒரு கணக்குக்கும் அடங்காது போல.

#4 பினாங்குக்காரி

இந்தோனேசியாவுல ‘ஜெண்டெலா’. அதே ஜனெலாதான், நடுவுல ஒரு டகரம் சேர்ந்துக்கிச்சு. எங்க மலேசியாவுல மலாய்க்காரங்க பேச்சில ‘திங்காப்’ தான் அதிகம். ஆனா மேஜை ‘மெஜா’, அலமாரி ‘அல்மாரி’. மலாக்காவை 1511-லயே பிடிச்சிட்டாங்க இல்லையா. வங்காளத்துலயும் ‘ஜானாலா’, சிங்களத்துல ‘ஜனேலய’. அந்தக் கப்பல் நின்ன இடமெல்லாம் ஜன்னல் திறந்திருக்கு!

#5 வேர்ச்சொல்லன்

எல்லாவற்றையும் வெளியிலிருந்து வந்ததாகச் சொல்வது நம்மவர்களுக்கு வழக்கமாகிவிட்டது. ஆங்கிலத்தின் ‘பால்கனி’ எங்கிருந்து வந்தது? நம் ‘பலகணி’யிலிருந்து. பல + கண் + இ. ஒலியைப் பாருங்கள், அப்படியே இருக்கிறது. ‘விண்டோ’வும் ‘விண்’ணிலிருந்து வந்தது, விண்ணைப் பார்க்கும் வழி. இதை யாராவது மறுக்க முடியுமா?

#6 கொல்லம்பாசஞ்சர்

அண்ணாச்சி, தமிழ் மேல உங்களுக்கு உள்ள பிரியம் எனக்கும் உண்டு. ஆனா ஒலி ஒத்துப்போறதை மட்டும் வச்சு முடிவு கட்டினா நாளைக்கு நம்மகிட்ட இருக்கிற உண்மையான சான்றையும் எவனும் மதிக்க மாட்டான்.

பால்கனி இத்தாலியில ‘பால்கோனே’. அதுக்கு மூலம் ஜெர்மானிய மொழிகள்ல உத்திரக்கட்டையைக் குறிக்கிற சொல்லு. சுவத்துல இருந்து கட்டையை நீட்டி அது மேல தளம் போடுறதுதானே பால்கனி? செய்முறையும் சொல்லும் பொருந்தி வருது. நம்ம பலகணியில கட்டையும் இல்ல, தளமும் இல்ல, கண்ணுதான் இருக்கு.

பழைய தமிழ் பைபிள்ல உன்னதப்பாட்டு ரெண்டாம் அதிகாரம் ஒன்பதாம் வசனம் பாருங்க: "பலகணி வழியாய்ப் பார்த்து, கிராதியின் வழியாய்த் தமது மலர்ந்த முகத்தைக் காண்பிக்கிறார்." இங்க பலகணின்னா ஜன்னல்தான். பக்கத்துலயே போர்த்துகீசியக் கிராதி. ரெண்டும் ஒரே வரியில சண்டை போடாம நிக்குது. பலகணியை பால்கனிக்குச் சொல்ற பழக்கம் ஒலி ஒத்துமையால பின்னாடி ஒட்டிக்கிட்டது.

#7 பனித்துளி

விண்டோவுக்கு நான் பதில் சொல்லுறன், ஏனெண்டா அது இஞ்சத்தைய சொல்லு.

நோர்வேயில எழுத்துமொழி ரெண்டு இருக்கு. ஒண்டில ‘விண்டு’. மற்றதுக்குப் பேர் நீநோர்ஸ்க். அதில இண்டைக்கும் ‘விண்டெய்கெ’ எண்டுதான் எழுதுறது. என்ர மகளின்ர பள்ளிக்கூடப் புத்தகத்தில நானே பார்த்தனான். பழைய நோர்ஸ் மொழியில ‘விண்ட்ஆவ்கா’. விண்ட் எண்டா காத்து, ஆவ்கா எண்டா கண். காத்துக்கண். கண்ணாடி போடாத வெறும் துவாரம், அதுக்குள்ளால காத்து வரும்.

இந்தச் சொல்லைத்தான் வைக்கிங்குகள் எண்ட இஞ்சத்தைய பழைய கடலோடிகள் இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்க் குடுத்தவை. அதுக்கு முன்னம் ஆங்கிலேயரிட்ட இருந்த சொல்லும் ‘கண்துளை’ எண்ட பொருள்தான். அயர்லாந்துக்காரரும் இதே நோர்ஸ் சொல்லைத் தங்கட வாய்க்கு ஏத்த மாதிரி மாத்தி வைச்சிருக்கினம்.

அண்ணை, இவ்வளவு தெளிவா வழி தெரியேக்க ‘விண்’ணைக் கொண்டுவந்து செருகத் தேவையில்லை.

#8 ஏட்டுச்சுவடி

பனித்துளி, நீங்கள் ‘காத்துக்கண்’ என்று எழுதியதைப் படித்து எழுந்து உட்கார்ந்துவிட்டேன். நான் இரவு எழுதுவதாகச் சொன்ன செய்தியும் அதுதான்.

சிலப்பதிகாரம், இந்திரவிழவூரெடுத்த காதை. புகார் நகரத்து வீடுகளைச் சொல்லும் இடம்:

"வேயா மாடமும் வியன்கல இருக்கையும்
மான்கட் காலதர் மாளிகை யிடங்களும்"

காலதர். கால் என்றால் காற்று. அதர் என்றால் வழி. காற்று வரும் வழி. அந்தக் காலதர் எப்படிப்பட்டது? மான்கண் காலதர். மானின் கண் போல வடிவமைத்தது. காற்றும் கண்ணும் இரண்டும் ஒரே தொடரில்! வடகடல் ஓரத்தில் ஒருவன் தன் வீட்டுத் துவாரத்தைக் காற்றுக்கண் என்கிறான். காவிரி கடலில் கலக்கும் ஊரைப் பாடும் ஒரு புலவர் அதையே மான்கண் காற்றுவழி என்கிறார். இரண்டு மொழிக்கும் உறவில்லை. ஆனால் இருவரும் ஒரே மாதிரியான சுவருக்கு உள்ளே இருந்து வெளியே பார்த்திருக்கிறார்கள்.

இன்னும் பழையது வேண்டுமா? மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார் மதுரை வீடுகளை "சில்காற்று இசைக்கும் பல்புழை நல்இல்" என்கிறார். புழை என்றால் துளை. பல துளைகளை உடைய நல்ல வீடு. அந்தத் துளைகளில் மெல்லிய காற்று ஒலி செய்கிறது. இந்த வரியை வகுப்பில் எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். ஒருமுறை மழைக்கு முன் காற்று வீசி வகுப்பறை ஜன்னல் கம்பிகளுக்கிடையே ‘ஊ’வென்று சத்தம் வந்தது. பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். அன்று உரை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கூதிர்க் காலத்தில், அதாவது குளிர்காலத்தில், மூடிவைக்கும் ஜன்னலுக்கும் சிலம்பில் பெயர் உண்டு: "குறுங்கண் அடைக்கும் கூதிர்க் காலையும்". குறுங்கண், சின்னக் கண்.

காலதர், புழை, குறுங்கண், பலகணி. தச்சன்மகளே, ஜன்னலுக்கு முன்னால் என்ன என்று கேட்டீர்களே, இவ்வளவும் இருந்தன.

#9 வேர்ச்சொல்லன்

ஐயா, பால்கனி விஷயத்தில் நான் அவசரப்பட்டேன், ஒப்புக்கொள்கிறேன். அந்த பைபிள் வரி எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு சந்தேகம். வடமொழியில் ‘வாதாயனம்’ என்று ஜன்னலுக்கு ஒரு பெயர் உண்டல்லவா? வாதம் காற்று, அயனம் வழி. காலதரும் அதே பொருள். அப்படியானால் காலதர் மொழிபெயர்ப்பா? ‘கவாட்சம்’ என்றாலும் மாட்டின் கண். அங்கேயும் கண்.

#10 ஏட்டுச்சுவடி

அருமையான கேள்வி. இதைத்தான் கேட்க வேண்டும்.

வாத, அயன என்ற இரண்டு துண்டும் கால், அதர் என்ற இரண்டு துண்டோடு அச்சாகப் பொருந்துகின்றன. மொழிபெயர்ப்பாக இருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் பொருந்துவதால் மட்டுமே அப்படி முடிவு செய்யக் கூடாது. ஸ்பானிய மொழியில் ஜன்னலுக்கு ‘வெந்தானா’. அதற்குள் இருப்பது காற்றைக் குறிக்கும் லத்தீன் ‘வெந்துஸ்’. ரஷ்ய மொழியில் ‘அக்னோ’. அதற்குள் ‘ஓக்கோ’ என்ற கண். காற்று வருவதும் கண் பார்ப்பதும் எல்லா நாட்டு வீட்டிலும் நடக்கிறது. பெயர் வைப்பவன் யாரிடமும் கடன் வாங்காமலேயே அங்கே போய்ச் சேரலாம்.

இதில் இரண்டு வகை உறவைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வாதம், விண்ட், வெந்துஸ் மூன்றும் உண்மையிலேயே ஒரே வேர், ‘வீசு’ என்ற பொருளுடைய பழைய இந்தோ-ஐரோப்பிய வேர். அது இரத்த உறவு. நம் ‘கால்’ அந்தக் குடும்பம் இல்லை. அது காற்று என்ற சொல்லுக்கு அடி. மலையாளத்துக் காற்றும், கன்னட தெலுங்கு மொழிகளில் ‘தங்கை’யின் ககரம் போல ஒலித்துத் தொடங்கும் ‘காளி’, ‘காலி’யும் அதன் உறவு. விண்டோவுக்கும் காலதருக்கும் இருப்பது ஒரே எண்ணம். ஒரே வேர் இல்லை. ஒரே எண்ணமாக இருப்பது எனக்கு இன்னும் பெரிய வியப்பு.

#11 கொல்லம்பாசஞ்சர்

கண்ணுன்னா துவாரம்ங்கிற வழக்கு இன்னிக்கும் நம்ம வாயில இருக்குய்யா. செங்கோட்டைல இருந்து புனலூர் போற ரயில் பாதையில ‘பதிமூணு கண் பாலம்’ இருக்கு. மலையாளத்துல ‘பதிமூணு கண்ணறப் பாலம்’. பதிமூணு வளைவும் பதிமூணு கண்ணு. சல்லடைக்குக் கண்ணு, வலைக்குக் கண்ணு, தேங்காய்க்கு மூணு கண்ணு.

ஆனா ஊசிக்கு மட்டும் நமக்குக் காது! பட்டினத்தார் "காதற்ற ஊசியும் வாராது காண்"ன்னாரே. இங்கிலீஷ்காரன் ஊசிக்குக் கண் வைக்கிறான். ஜெர்மன்காரனும் ரஷ்யாக்காரனும் நம்மள மாதிரி காதுதான் வச்சிருக்கான்.

இன்னொண்ணு. எங்க எல்லையைத் தாண்டினா மலையாளத்துல ஜன்னலுக்கு ‘கிளிவாதில்’னு ஒரு சொல்லு உண்டு. கிளிக்குத் திறந்த வாசல். போர்த்துகீசியன் குட்டிக் கதவுன்னான், இவங்க கிளிக்கதவுங்காங்க. எனக்குத் தெரிஞ்ச ஜன்னல் பெயர்கள்ல இதுக்கு மேல அழகா ஒண்ணு இல்ல.

#12 பினாங்குக்காரி

ஒரு கேள்வி. காலதர், பலகணின்னு இவ்வளவு நல்ல சொல் இருந்தும் ஏன் ஜன்னல் வந்து உட்கார்ந்துச்சு? சாளரத்தைக்கூட இன்னிக்கு ‘ஒற்றைச்சாளர முறை’யிலயும் கம்ப்யூட்டர் திரையிலயும்தான் பார்க்கிறோம், வீட்டுச் சுவத்துல இல்லையே.

#13 ஏட்டுச்சுவடி

என் எண்ணத்தைச் சொல்கிறேன். பழைய முற்றம் வைத்த வீட்டில் வெளிச்சமும் காற்றும் நடுவிலிருந்து வந்தன. தெருப் பக்கச் சுவரில் இருந்தவை சிறு துளைகளும் வலைப்பின்னல் போட்ட கல்லும் பலகையும். பலகணி, சாலேகம், குறுங்கண் எல்லாம் அந்தப் பொருளின் பெயர்கள். கதவு வைத்துத் திறந்து மூடி, ஆள் சாய்ந்து தெருவைப் பார்க்கிற அளவுக்குப் பெரிய மர அமைப்பு வேறு பொருள். அதைச் செய்யக் கற்றுக்கொடுத்தவன் சொன்ன பெயரோடு அது வந்தது. மேஸ்திரி, கிராதி என்று கூடவே வந்த சொற்களைப் பாருங்கள். கட்டுமானத்தோடு வந்த சொற்கள் அவை.

அப்படியும் நம் தச்சர்கள் அதைச் சும்மா வாங்கிக்கொள்ளவில்லை. ‘நாலு கதவு ஜன்னல்’ என்று உங்கள் அப்பா சொல்கிறாரே அம்மா, ‘குட்டிக் கதவு’ என்று பொருள்படும் சொல்லுக்குள் நாலு கதவைத் தமிழில் பொருத்திவிட்டார்.

நானூறு ஆண்டுக்கு மேல் புழங்கிய சொல்லைப் பிழை என்று வட்டமிடக் கூடாது என்பது இன்று என் கருத்து. வட்டமிட்ட காலத்தில் எனக்கு இது தோன்றவில்லை. பக்கத்தில் ‘காலதர் என்றும் சொல்வார்கள்’ என்று ஒரு வரி எழுதியிருந்தால் எத்தனை பிள்ளைகளுக்கு மதுரைக்காஞ்சி திறந்திருக்கும் என்று நினைக்கும்போது வருத்தமாக இருக்கிறது.

#14 வேர்ச்சொல்லன்

இதில் எனக்கு உடன்பாடில்லை, ஐயா. ஜன்னல் பிழை என்று நானும் சொல்லமாட்டேன். ஆனால் காலதரைப் புத்தகத்திலேயே விட்டுவிட்டால் அது அங்கேயே இருந்து மறைந்துவிடும். சுவரின் மேல்பக்கம் காற்றுக்காக மட்டும் ஒரு சிறு திறப்பு வைக்கிறோமே, ‘வெண்டிலேட்டர்’ என்று, அதற்குக் காலதர் என்று ஏன் சொல்லக் கூடாது? அது வெறும் காற்று வழிதானே. நான் இன்று முதல் அப்படித்தான் சொல்லப் போகிறேன்.

#15 பனித்துளி

வெண்டிலேட்டருக்குள்ளயும் அதே லத்தீன் காத்துத்தான் இருக்கு அண்ணை, வெந்துஸ். பொருள் அச்சொட்டாப் பொருந்துது. நானும் வாறன்.

#16 தச்சன்மகள்

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. ராத்திரி முழுக்க உக்காந்து படிச்சேன்.

இன்னிக்குக் காலையில பையனை அப்பாகிட்ட கூட்டிட்டுப் போனேன். ஜனவரிக்கும் ஜன்னலுக்கும் உள்ள உறவைச் சொன்னேன். கிளிவாசலைச் சொன்னேன். நார்வேக்காரங்க காற்றுக்கண்ணைச் சொன்னேன். அப்பா எல்லாத்தையும் கேட்டுக்கிட்டே உளியைத் தீட்டிக்கிட்டிருந்தார். காலதர்னு சொன்னதும் நிறுத்திட்டார். "காலா? வாசக்கால்ல வர்ற காலா?"ன்னு கேட்டார். இல்லப்பா, அந்தக் காலத்துல காத்துக்குக் கால்னு பேருன்னு சொன்னேன். ரெண்டு தடவை வாய்க்குள்ள சொல்லிப் பார்த்தார், "காலதர்... காலதர்."

அப்புறம் மான்கண் எப்படி இருக்கும்னு அவரே கேட்டார். எனக்குத் தெரியல. பையன் ஒரு பலகைத் துண்டுல பென்சிலால வரைஞ்சு காட்டினான், ரெண்டு பக்கமும் கூராகி நடுவுல அகலமா. அப்பா அதை வாங்கி, ஒரு முனையைக் கொஞ்சம் கீழ இறக்கித் திருத்தினார். மானுக்குக் கண் அப்படித்தான் இறங்கும்னார்.

அந்தப் பலகையை இப்ப இழைச்சுக்கிட்டிருக்கார். எங்க அடுப்படியில, மேல் சுவத்துல, ரொம்ப நாளா அட்டை வச்சு அடைச்சிருந்த ஓட்டைக்கு அளவெடுத்திருக்கார். ஒண்ணரை அடிக்கு ஒரு அடி.